சுவரைப் பார்த்து நிற்கும் பொம்மி: முதிய நாய்களின் மறதி பற்றிய கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் முதிய நாய் ஒன்றின் தடுமாற்றத்தைப் பற்றிய ஒரே ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்கள் பெரும்பாலும் அதே பொருளைத் தொட்டே இருந்ததால், இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன். நாய்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன, அவை கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

கேள்வி: எங்கள் பொம்மிக்கு 14 வயது முடியப்போகிறது. நான்கு மாதங்களாக, மாலை வேளைகளில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் போய் நுழைந்துகொண்டு, பின்னால் நகர்ந்து வரத் தெரியாமல், சுவரையே பார்த்தபடி நிற்கிறது. வெளியே போக வேண்டுமென்றால் கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் பக்கம் போய்க் காத்திருக்கிறது. அரை மணி நேரம் வெளியே நடத்திக் கூட்டி வந்தாலும் வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்தின் நடுவில் சிறுநீர் கழிக்கிறது. ‘வயதாகிவிட்டது, வேறென்ன’ என்கிறார் என் கணவர். ‘எல்லாம் திமிர்’ என்கிறார் என் மாமியார். மனிதர்களுக்கு வருகிற மறதி நோய் நாய்க்கும் வருமா?

பதில்: வரும். கால்நடை மருத்துவத்தில் இதை ‘காக்னிடிவ் டிஸ்ஃபங்ஷன்’ என்கிறோம். நாம் பேசும் தமிழில் மூப்பு மறதி என்று வைத்துக்கொள்ளலாம். மனிதர்களின் அல்சைமர் நோயில் மூளையில் படிகிற பீட்டா அமிலாய்டு என்ற புரதமே முதிய நாய்களின் மூளையிலும் படிகிறது. அந்தப் புரதத்தின் கட்டமைப்புகூட இரு இனங்களிலும் ஒன்றுதான். மூளை சற்றே சுருங்குகிறது, அதனுள் இருக்கும் நீர் அறைகள் விரிகின்றன, நரம்பணுக்கள் குறைகின்றன. இது அரிதான நோயும் அன்று. 2001இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 11, 12 வயது நாய்களில் 28 விழுக்காட்டுக்கும், 15, 16 வயது நாய்களில் 68 விழுக்காட்டுக்கும் இதன் அறிகுறிகளில் ஒன்றாவது இருந்தது. அப்படியிருந்தும், 2010இல் ஆஸ்திரேலியாவில் முதிய நாய்களை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 14 விழுக்காட்டு நாய்களுக்கு இந்நோய் இருக்கலாமென்று கணக்கிட்டபோது, மருத்துவரால் கண்டறியப்பட்டிருந்தவை 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கண்டார்கள். மற்ற நாய்களின் வீடுகளில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது.

கீல் பக்கம் போய் நிற்பதை நீங்கள் கவனித்து எழுதியதற்கு நன்றி. பத்து ஆண்டுகளாகத் தினமும் திறந்து மூடிய கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை நாய் மறப்பது கண்ணின் கோளாறோ காலின் கோளாறோ ஆகாது. வழி தெரியாமல் திகைப்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளத்தை என் அனுபவத்தில் அதிகம் பார்த்ததில்லை. இடுக்கில் மாட்டிக்கொள்வதும் அவ்வகையே: முன்னால் போகத் தெரிகிறது, பின்வாங்கலாம் என்ற எண்ணம் வருவதில்லை. இதோடு வேறு சிலவற்றையும் பாருங்கள். வீட்டு ஆட்கள் வரும்போது எழுந்து வந்து வாலாட்டுவது குறைந்திருக்கிறதா, அல்லது அதற்கு மாறாக நிழல்போல ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கிறதா? பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் நடக்கிறதா? நோக்கமில்லாமல் ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறதா? முன்பு பொருட்படுத்தாத ஓசைக்கோ தனிமைக்கோ இப்போது அஞ்சுகிறதா? எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை.

ஆனால் இவற்றைப் படித்துவிட்டு நீங்களே ‘மறதிதான்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உங்கள் கணவர் ‘வயதாகிவிட்டது’ என்பதும் நாம் ‘மறதி’ என்பதும், பரிசோதனை இல்லாமல் சொன்னால், ஒரே தவறுதான். இந்நோயை உறுதிசெய்ய ஒற்றை இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கித்தான் இங்கே வந்து சேர வேண்டும். வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதற்குச் சிறுநீர்ப்பைத் தொற்று, கல், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, அட்ரீனல் சுரப்பி மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய் ஆகியவை காரணமாகலாம். இரவில் நடப்பதற்கு மூட்டுவலி காரணமாகலாம். ஒதுங்கியிருப்பதற்குச் சொத்தைப் பல்லும், கூப்பிட்டால் வராததற்குக் காது மந்தமும் போதும். கல்லீரல் கோளாறும் மூளைக் கட்டியும் உயர் இரத்த அழுத்தமும் நாயைத் திகைக்க வைக்கும். ‘பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் தெரியவில்லை’ என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒரு நாயின் வாயைத் திறந்து பார்த்தபோது, மேல் தாடையில் கடைவாய்ப் பல்லின் வேர் சீழ் பிடித்துக் கன்னம் வரை வீங்கியிருந்தது. பல்லைப் பிடுங்கிய நான்காம் நாள் அது வாசலுக்கு ஓடிவந்தது. அந்த நாய்க்கு எல்லாம் நினைவிருந்தது. தலையைத் திருப்பத்தான் முடியாமலிருந்தது.

எனவே முழு உடற்பரிசோதனை, இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். அதற்கு முன் வீட்டிலேயே இரண்டு சோதனைகளைச் செய்து பார்க்கலாம். பஞ்சு உருண்டை ஒன்றைப் பொம்மியின் முகத்துக்கு முன்னால் ஓசையில்லாமல் கீழே விடுங்கள். பார்வை இருந்தால் கண்ணோ தலையோ அதைத் தொடரும். வயதான நாயின் கண்மணியில் நீலம் கலந்த சாம்பல் பூத்திருப்பதெல்லாம் கண்புரை அன்று. பெரும்பாலும் அது கண்ணுக்குள் இருக்கும் வில்லை (லென்ஸ்) இறுகியதால் வரும் நிறம், பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. அடுத்து, அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தரையின் அதிர்வும் காற்றும் படாத தொலைவில் பின்னால் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். காது அசைகிறதா என்று பாருங்கள். இரண்டையும் எழுதி வையுங்கள். மாலையில் அது இடுக்கில் நிற்பதைக் கைபேசியில் ஒரு நிமிடம் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனை மேசையில் ஏற்றியவுடன் பதற்றத்தில் எல்லா நாயும் விழிப்பாகிவிடும். வீட்டில் நடப்பது எங்களுக்குத் தெரிய வேறு வழியில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது: கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், அல்லது அந்த இடுக்கை ஒரு தலையணையால் அடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு எந்தப் பொருளையும் இடம் மாற்றாதீர்கள். பொம்மி இப்போது பெரும்பாலும் பழக்கத்தை நம்பியே நடக்கிறது. வழுக்கும் தரையில் அது நடக்கும் தடம் நெடுக மிதியடி விரித்தால் தடுமாற்றம் பாதியாகக் குறையும். படிக்கட்டு இருந்தால் இரவில் அடைத்துவிடுங்கள். அது மாட்டிக்கொண்டு நிற்கும்போது கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்காமல், பக்கவாட்டில் மெதுவாகத் தொட்டு உடம்பைத் திருப்பிவிடுங்கள். வெளியே கூட்டிப்போகும்போது சிறுநீர் கழிக்கும் வரை ஒரே இடத்தில் நில்லுங்கள். அரை மணி நேரம் நடந்தும் எதற்காக வந்தோம் என்பதை அது மறந்திருக்கக்கூடும். கழித்ததும் அங்கேயே பாராட்டுங்கள், குட்டியாக இருந்தபோது செய்ததைப் போலவே. மாமியாரிடம், திமிர் பிடித்த நாய் ஆள் பார்த்துத்தான் அடம்பிடிக்கும், ஆளில்லாத சுவரைப் பார்த்து நிற்காது என்று சொல்லிப்பாருங்கள்.

கேள்வி: என் நாய்க்கு 11 வயது, பெண். எழுந்து போன பிறகு பார்த்தால் படுத்த இடம் ஈரமாக இருக்கிறது. அதட்டினால் தலையைக் குனிந்துகொள்கிறது. இதுவும் மறதியா?

பதில்: அதட்டுவதை இன்றே நிறுத்துங்கள். தூக்கத்தில் கசிவது வேறு, விழித்திருந்து தவறான இடத்தில் கழிப்பது வேறு. நீங்கள் எழுதியிருப்பது முதல் வகை. கருப்பை நீக்கப்பட்ட பெண் நாய்களுக்குச் சிறுநீர்க்குழாயின் இறுக்குத் தசை தளர்வதால் இப்படி நேர்வது உண்டு. அதற்கு நல்ல மருந்து இருக்கிறது, பெரும்பாலான நாய்கள் அதில் தேறிவிடும். சிறுநீரைச் சோதித்துத் தொற்று இல்லை என்று தெரிந்துகொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். ஈரத்தைப் பயந்து தண்ணீர் வைப்பதைக் குறைத்துவிட வேண்டாம். சிறுநீரகம் பழுதான முதிய நாய்க்கு அது பெருங்கேடாகும். தலையைக் குனிவது குற்றவுணர்ச்சியாலும் அன்று. உங்கள் குரலைக் கேட்டு அஞ்சுகிறது, அவ்வளவே.

கேள்வி: ராஜாவுக்கு 13 வயது. இரவு ஒரு மணிக்கு எழுந்து விடியும் வரை நடக்கிறான். நகங்கள் தரையில் தட்டும் ஓசை ஓயாது. இடையிடையே காரணமில்லாமல் ஊளையிடுகிறான். பகலில் எழுப்பினாலும் எழுவதில்லை. நானும் என் தம்பியும் மூன்று வாரங்களாகச் சரியாகத் தூங்கவில்லை. எங்கள் அம்மா சாப்பிடும் தூக்க மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா? அவனுக்கு வலி இருக்குமோ என்ற சந்தேகத்தில் வலி மாத்திரையும் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

பதில்: கையில் எடுத்ததைத் திரும்ப வைத்தீர்களே, அது நல்ல காரியம். மனிதர்கள் பயன்படுத்தும் இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். அம்மாவின் தூக்க மாத்திரையையும் கொடுக்காதீர்கள். சில தூக்க மருந்துகள் சில நாய்களைத் தூங்க வைப்பதற்கு மாறாக மேலும் கிளறிவிடுவது உண்டு. இருட்டில் தள்ளாடுகிற நாயைக் கிறக்கத்தில் தள்ளாட விடுவது இன்னும் ஆபத்து.

உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. இரவில் எழும் நாய்க்கு முதலில் மூட்டுவலி உண்டா என்று பார்க்க வேண்டும். வெகுநேரம் ஒரே நிலையில் படுத்தால் மூட்டு இறுகி வலிக்கும், எழுந்து நடந்தால் சற்றுத் தணியும், எனவே நடக்கும். ராஜா படுப்பதற்கு முன் பலமுறை சுற்றிச் சுற்றி இடம் பார்க்கிறானா, படுக்கும்போது பின்பகுதியைத் தொப்பென்று போடுகிறானா, எழும்போது முன்கால்களை ஊன்றிப் பின்கால்களை இழுக்கிறானா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். நாய்களுக்கென்று உள்ள வலி மருந்தைச் சில நாட்கள் கொடுத்துப் பார்த்ததும் இரவு முழுவதும் தூங்கத் தொடங்கிய நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

வலி இல்லையென்றால், பகலும் இரவும் தலைகீழாக மாறிவிட்டது என்று கொள்ளலாம். மூப்பு மறதியில் தூக்க ஒழுங்கு குலைவது மிகச் சாதாரணம். பொழுது சாய்ந்ததும் அமைதியின்மை கூடுவதும் மனிதர்களிடத்தில் உள்ளதுபோலவே நாய்களிடத்திலும் காணப்படுகிறது. இதைச் சரிசெய்யும் வேலை பகலில்தான் தொடங்க வேண்டும். காலையில் வெயில் படும்படி மெதுவாக நடத்துங்கள். அவனால் பத்து நிமிடம்தான் முடியுமென்றால் பத்து நிமிடமாக மூன்று முறை. பிற்பகலில் ஆழ்ந்து தூங்கும்போது அன்பாகக் குரல் கொடுத்து எழுப்பி, ஏதாவது ஒன்றை மோந்து தேட வையுங்கள். கடைசி உணவைச் சற்றுத் தாமதப்படுத்தி, படுக்கப்போகும் முன் மறுபடியும் வெளியே கூட்டிச் செல்லுங்கள். முற்றிலும் இருட்டாக்காமல் நடைவழியில் சிறு விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். படுக்கையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் போடுங்கள். எழுந்து குரல் கொடுக்கும்போது கையை நீட்டித் தொட்டாலே சில நாய்கள் திரும்பவும் படுத்துவிடும். நகங்களை வெட்டிவிடுங்கள். ஓசைக்காக மட்டும் சொல்லவில்லை, நீண்ட நகம் வழுக்கும்.

இத்தனைக்குப் பிறகும் தூங்காவிட்டால் மெலட்டோனின், காபாபென்டின், டிரசோடோன் போன்றவற்றில் ஒன்றை மருத்துவர் எடை பார்த்துத் தருவார். மெலட்டோனினை நீங்களே வாங்கிக் கொடுக்க எண்ணினால் ஒன்று: மனிதர்களுக்கான சில மாத்திரைகளில் இனிப்புக்காக சைலிட்டால் சேர்க்கிறார்கள், அது நாய்க்கு நஞ்சு, சர்க்கரை அளவைத் திடீரென்று வீழ்த்திவிடும்.

கடைசியாக, நீங்களும் தம்பியும் ஒரே இரவில் இருவருமாக விழித்திருக்காதீர்கள். முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் கதவை மூடிக்கொண்டு தூங்கட்டும். தூக்கம் கெட்டவர் நாயிடம் எரிந்து விழுவார், பிறகு அதற்காக அழுவார். இரண்டையும் என் மேசைக்கு முன்னால் நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: நோயைக் குணப்படுத்தும் மருந்து இருக்கிறதா? எங்கள் மருத்துவர் செலிஜிலின் எழுதிக் கொடுத்தார். பத்து நாளாகியும் ஒரு மாற்றமும் இல்லை. நண்பர் ஒருவர் தேங்காய் எண்ணெய் கொடுக்கச் சொல்கிறார். மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றும் படித்தேன். எதை நம்புவது?

பதில்: குணப்படுத்தும் மருந்து இல்லை. மூளையில் இழந்ததை மீட்க முடியாது. நோயின் நடையைத் தளர்த்தி, இருக்கும் நாட்களை நல்ல நாட்களாக்க முடியும். அதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

செலிஜிலின் மனிதர்களுக்குப் பார்க்கின்சன் நோயில் பயன்படும் மருந்து. நாய்களின் மூப்பு மறதிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் சிதைவதைக் குறைப்பது அதன் வேலை. காலையில் கொடுக்க வேண்டும். மாலையில் கொடுத்தால் தூக்கத்தைக் கெடுக்கும். பத்து நாளில் முடிவு கட்டாதீர்கள்; ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை பார்த்துத்தான் பலன் சொல்ல முடியும். எல்லா நாய்களும் தேறுவதில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை, உங்கள் கடிதத்தில் இது பற்றி ஒன்றும் இல்லாததால் அழுத்திச் சொல்கிறேன். செலிஜிலினோடு சேரக்கூடாத மருந்துகள் பல. வலிக்குக் கொடுக்கும் டிராமடால் ஒன்று. பதற்றத்துக்குக் கொடுக்கும் ஃபுளூஆக்சிடின் மற்றொன்று. அதை நிறுத்தி 5 வாரம் கழிந்த பிறகுதான் செலிஜிலினைத் தொடங்கலாம். பலரும் மருந்தாகவே எண்ணாத ஒன்றும் இருக்கிறது: உண்ணிக்காக உடம்பில் தேய்க்கும் அமிட்ராஸ் மருந்தும், அது கலந்த கழுத்துப்பட்டையும். செலிஜிலினைப் போலவே அமிட்ராஸும் டோபமைனைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பது. இரண்டும் சேர்வது ஆபத்து. நாய்க்கு உள்ளே போகிற, மேலே பூசுகிற எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றிய பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. முதிய மூளை சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுப்பதில் தடுமாறும்போது, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்புகளிலிருந்து கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன்கள் மாற்று எரிபொருளாகின்றன. அக்கொழுப்பு சேர்த்த உணவு முதிய நாய்களின் கற்றல் சோதனைகளில் பலனளித்தது. ஆனால் ஆய்வுகளுக்குப் பயன்பட்ட அந்தப் பிரித்தெடுத்த எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெயில் பெரும்பங்கு லாரிக் அமிலம். அது அவ்வளவு எளிதில் கீட்டோனாக மாறுவதில்லை. கரண்டி கரண்டியாக ஊற்றினால் வயிற்றுப்போக்கு வரும், கணைய அழற்சிக்கு ஆளாகும் நாய்க்கு உயிருக்கே ஆபத்து. முதிய நாய்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட மருத்துவ உணவைக் கேட்டு வாங்குவது மேல்.

மூளைக்கு வேலை என்பதை நம்புங்கள். நார்டன் மில்கிராம் என்ற ஆய்வாளரின் குழு முதிய பீகிள் நாய்களை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் (ஆன்டி-ஆக்சிடன்ட்கள்) நிறைந்த உணவும், ஒரு பிரிவுக்கு நடை, விளையாட்டு, துணை நாய், கற்றல் பயிற்சிகளும், ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லாமலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்துப் பார்த்தது. 2005இல் வெளியான முடிவின்படி, தனித்தனியாக ஒவ்வொன்றும் பலன் தந்தது. இரண்டும் சேர்ந்தபோது பலன் மிகுதி. அதன் பிறகு 2022இல், 15,019 நாய்களின் உரிமையாளர்கள் தந்த விவரங்களை அமெரிக்காவில் அலசினார்கள். அதே வயதுள்ள, அதே உடல்நிலையுள்ள நாய்களை ஒப்பிட்டபோது, மிகவும் சுறுசுறுப்பான நாய்களைக் காட்டிலும் அசையாதிருக்கும் நாய்களுக்கு இந்நோய் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்குக்கு மேல். இதை வைத்து, நடக்காததால்தான் நோய் வந்தது என்று சொல்லிவிட முடியாது. நோய் வந்ததால் நடை குறைந்திருக்கலாம். இருந்தாலும், வலியில்லாத அளவுக்கு நடத்துவதில் நட்டம் ஏதுமில்லை.

விளையாட்டு என்றால் பந்தை எறிவது வேண்டாம். மூக்கு வயதில் கடைசியாகத் தளர்கிற புலன்களில் ஒன்று; அதைப் பயன்படுத்துங்கள். பழைய துண்டு ஒன்றை விரித்து, தீனியில் பத்துத் துணுக்குகளை அதில் தூவி, தளர்வாகச் சுருட்டி நாயின் முன்னால் வையுங்கள். முதல் நாள் ஒரு மடிப்புப் போதும். மூக்கால் தள்ளிப் பிரித்து ஒவ்வொன்றாக எடுக்கட்டும். விழித்துக்கொண்டு நின்றால் துண்டின் நுனியைக் கொஞ்சம் விரித்துக் காட்டுங்கள். தோல்வியில் முடிய விடாதீர்கள். கடைசித் துணுக்கு அதற்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

கேள்வி: எங்கள் டைகர் யாரையும் உறுமாதவன். இப்போது தூங்கும்போது பேத்தி தொட்டதும் பல்லைக் காட்டுகிறான். ஒருமுறை கையருகே காற்றைக் கடித்தான். அவனுக்கு 12 வயது.

பதில்: இன்று முதல் குழந்தையையும் டைகரையும் பெரியவர் துணையின்றி ஓர் அறையில் விடாதீர்கள். அவன் கெட்டவனாகிவிட்டான் என்பதற்காகச் சொல்லவில்லை. காது மந்தமாகி, ஆழ்ந்து தூங்கி, விழித்தவுடன் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் திகைக்கிற நாயைத் தொட்டு எழுப்பினால் எதிரி என்றே எடுத்துக்கொள்ளும். காற்றைக் கடித்தது எச்சரிக்கை, குறி தவறியதன்று. உறுமியதற்காக அடித்துவிடாதீர்கள், உறுமலை அடக்கினால் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். எழுப்ப வேண்டுமானால் சற்றுத் தள்ளி நின்று தரையைக் காலால் தட்டுங்கள், அதிர்வு போய்ச் சேரும். அல்லது தீனியை மூக்குக்குச் சற்று முன்னால் வையுங்கள். ஆள் நடமாட்டமில்லாத மூலையில் அவனுக்குப் படுக்கை போட்டு, அங்கே படுத்திருப்பவனை யாரும் தொடக்கூடாது என்பதைப் பேத்திக்குச் சட்டமாகவே சொல்லிவிடுங்கள். பல், இடுப்பு, முதுகு மூன்றிலும் வலி உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: துணைக்கு ஒரு குட்டி வாங்கினால் கிழவனுக்குத் தெம்பு வருமா?

பதில்: உங்களுக்கு வரும். திகைத்து நிற்கும் நாயின் வாலைக் கடித்து இழுக்கும் குட்டி அதற்கு மற்றொரு தொல்லை. இப்போது வேண்டாம்.

கேள்வி: நேற்றுக் காலை எங்கள் 14 வயது நாய் திடீரெனத் தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்கள் பக்கவாட்டில் துடிதுடித்து, நிற்க முடியாமல் உருண்டு விழுந்து வாந்தி எடுத்தது. பக்கவாதம், இனி பிழைக்காது, ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள் என்கிறார்கள். மறதியின் கடைசிக் கட்டமா இது?

பதில்: இக்கடிதத்துக்குத் தொலைபேசியில் உடனே பதில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். மூப்பு மறதி மாதக்கணக்கில் மெல்ல வருவது. ஒரே காலைப் பொழுதில் வராது. தலைச் சாய்வும் கண்துடிப்பும் சேர்ந்து திடீரென்று வந்தால், உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு நிலைகுலைந்திருக்க வாய்ப்பு மிகுதி. முதிய நாய்களுக்குக் காரணம் தெரியாமலே இது வரும். பார்ப்பதற்கு மிகக் கொடுமையாக இருக்கும். பெரும்பாலானவை இரண்டு, மூன்று நாட்களில் தேறத் தொடங்கி, இரண்டு, மூன்று வாரங்களில் நடமாடிவிடும். தலை மட்டும் சிலவற்றுக்குச் சற்றுச் சாய்ந்தே நின்றுவிடும். காதுத் தொற்றையும் மூளைக் கோளாறையும் விலக்க அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குமட்டலை நிறுத்த மருந்து வாங்க வேண்டும். தண்ணீரைக் கையில் ஏந்தித் தர வேண்டும். இரு பக்கமும் துணிச் சுருளை அணைகொடுத்துப் படுக்க வைக்க வேண்டும். முதல் மூன்று நாட்களில் உயிரைப் பற்றிய முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஜிம்மிக்கு 16 வயது. இரண்டு ஆண்டுகளாக மறதி. இப்போது நான் அறைக்குள் நுழைந்தால் யாரோ நுழைந்ததுபோல் பார்க்கிறது. சாப்பாட்டுக் கிண்ணத்தருகே கொண்டுபோய் விட்டால் சாப்பிடுகிறது. சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் முழுவதும் அழுதுகொண்டே நடக்கிறது. எப்போது போதும் என்று சொல்வது? நான் இரக்கமற்றவளா?

பதில்: இரக்கமற்றவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார், அம்மா. எனவே அதை விட்டுவிட்டு முதல் கேள்விக்கு வருகிறேன்.

உங்களைத் தெரிகிறதா என்பதை மட்டும் அளவுகோலாக்கிக்கொள்ளாதீர்கள். அது உங்களுக்கு வலிக்கிற இடம். ஜிம்மிக்கு வலிக்கிற இடம் வேறாக இருக்கலாம். உங்களைப் பெயரும் முகமுமாக அறியாவிட்டாலும், தடவும் கையை அறிந்து உடம்பைத் தளர்த்துகிற நாய்கள் உண்டு. கண்ணை மூடி, மூச்சை நீளமாக விட்டு, தலையின் பாரத்தை உங்கள் உள்ளங்கையில் இறக்குகிறதா என்று பாருங்கள். அப்படிச் செய்தால் அந்த நேரத்தில் அது துன்பத்தில் இல்லை.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த ஒரு கணக்கை நான் பயன்படுத்துகிறேன். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து 10 வரை மதிப்பெண் இட வேண்டும். பத்து என்றால் நன்று. கூட்டினால் 35க்கு மேல் வந்தால் அந்த வாழ்க்கை தாங்கத்தக்கது என்று அவர் கொள்கிறார். மறதி நோயில் இந்தக் கணக்கு சற்று ஏமாற்றும் என்பது என் கருத்து. ஏனெனில் உடம்பு நன்றாக இருந்து பசியும் எடுக்கிற நாய்க்கு மதிப்பெண் ஏறிவிடும், அஞ்சி அஞ்சி நடக்கிற மணிநேரங்கள் அதில் மறைந்துவிடும். எனவே மகிழ்ச்சி என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள்.

நாட்காட்டி ஒன்றை அடுக்களையில் மாட்டி, ஒவ்வோர் இரவும் அன்றைய நாளை நல்லது, கெட்டது என்று ஒரே குறியால் குறியுங்கள். நடுவில் ஒன்றும் வேண்டாம். நினைவில் வைத்துக்கொண்டு சொல்கிறவர்கள் கடைசி நாளைத்தான் சொல்வார்கள். வீட்டில் மற்றொருவரும் உங்கள் குறியைப் பார்க்காமல் தனியே குறிக்கட்டும். அழுதுகொண்டே நடக்கும் நாட்களில் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதையும் எழுதுங்கள். அமைதிப்படுத்தும் மருந்தை இன்னும் முயன்று பார்க்கவில்லையென்றால், அந்த நேரக் குறிப்பை வைத்துத்தான் தொடங்க முடியும். அதற்கும் அடங்காமல் கெட்ட நாட்கள் தொடர்ச்சியாக வந்தால், நாம் பேசலாம். வீட்டுக்கே வந்து, அதன் படுக்கையில் வைத்தே, முதலில் தூங்க வைத்துப் பிறகு ஊசி போடும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று வாரக் குறிகளோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.